பூஜ்யம், ஒன்று, இரண்டு

அஸ்தம்பட்டியில், மாவு மில்லுக்கு மேலே எங்கள் அறை.
மில் ஓடும்வரை மேசை நடுங்கும்.
ஒன்பது மணிக்கு அவர்கள் ஷட்டரை இழுத்த பிறகுதான்
நான் இதயத்தை ஓடவிடுவேன்.

இதயம் என்றால் முழுசாக இல்லை.
தீப்பெட்டி அளவு தசை, தட்டையாக.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு கட்டம் அகலம், நீளமும் அவ்வளவே.
ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்.
பூஜ்யம்: காத்திருக்கிறது.
ஒன்று: பற்றிக்கொண்டது.
இரண்டு: களைத்திருக்கிறது, இப்போது கூப்பிடாதே.

பக்கத்துக் கட்டம் பற்றினால் தானும் பற்றும்.
பற்றியது களைக்கும். களைத்தது தேறும்.
சட்டம் இவ்வளவுதான்.
எழுத நாற்பது வரி போதுமாக இருந்தது,
பிழை தேடத்தான் ஆடி மாதம் முழுக்கப் போயிற்று.

இடது ஓரத்தில் ஒரு தட்டு.
அலை கிளம்பி வலது ஓரம்வரை போய் முடியும்.
திரும்பி வர வழி கிடையாது,
அதன் முதுகுக்குப் பின்னால் முழுக்க
இரண்டு, இரண்டு, இரண்டு.
களைப்புதான் காவல்.
யாரும் எனக்கு இதை இப்படிச் சொன்னதில்லை.

பெரியாஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்த செலின்
திரையைப் பார்த்துக் கேட்டாள்:
"என்னடி இது, கொசுவர்த்தியா?"

கொசுவர்த்திதான்.
அது முளைத்த இரவைச் சொல்கிறேன்.

நடுவில் ஒரு தழும்பு வைத்தேன்,
எண்ணே இல்லாத கட்டங்களால்.
என்ன வடிவம் என்று தெரியாததால்
ரயிலிலிருந்து பார்த்த மாக்னசைட் குழியின் வடிவம்:
வெள்ளையாக, ஒரு பக்கம் சரிந்து, புல்லும் முளைக்காமல்.
அதன் ஓரத்துக் கட்டங்களை அரை உயிராக விட்டேன்.
அங்கே அலை, பள்ளத்தில் இறங்கிய லாரி மாதிரி
உறுமி உறுமி நகர்ந்தது.

பிறகு, கணக்கில் இல்லாத ஒரு தட்டு.
முந்நூற்றுப் பன்னிரண்டாவது மில்லிசெகண்டில்.

ஒரு பக்கம் இன்னும் இரண்டு.
மறுபக்கம் அதற்குள் பூஜ்யம்.
அலை பாதியில் அறுந்தது.
அறுந்த முனை திறந்திருந்த பக்கமாக வளைந்து
குழியைச் சுற்றி ஊர்ந்து வருவதற்குள்
கிளம்பிய இடம் தேறிவிட்டிருந்தது.
தேறியதற்கு மறுக்கத் தெரியாது.
பற்றியது. மறுபடி. மறுபடியும்.

ஏற்காட்டுக்குப் போகிற ஊசி வளைவுகள்
ஒவ்வொன்றும் கொஞ்சம் மேலே கொண்டுபோய் விடும்.
இந்த வளைவு எங்கேயும் சேர்க்காது.

அதே தட்டைப் பத்து மில்லிசெகண்ட் தள்ளிப் போட்டேன்:
ஒன்றுமில்லை. ஓரத்தில் போய் அணைந்தது.
பத்தைத் திரும்பக் கொடுத்தேன்: கொசுவர்த்தி.
ஒரு தடவை கண்ணிமைப்பதை
பத்தாக வெட்டினால் வருகிற துண்டு அது.

"பதினாலாம் பெட்டுக்கு ராத்திரி இதேதான்" என்றாள் செலின்.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர். நாற்பத்தேழு வயது.
மூன்று வருஷத்துக்கு முன் ஒரு அட்டாக்.
"பேப்பர்ல கோடு புழுவாட்டம் நெளிஞ்சுது.
மூணு தடவை ஷாக் குடுத்தோம்."

என்னிடம் அதற்கு ஒரே வரி இருக்கிறது.
எல்லாக் கட்டத்தையும் ஒரே நேரத்தில் இரண்டாக்கு.
திரை இருண்டு, ஊரே கதவைச் சாத்தியதுபோல் கிடக்கும்.
அப்புறம் இடது ஓரத்தில் அந்தப் பழைய தட்டு
தானாக வரும்.
தானாக இல்லை. நான் எழுதிவைத்திருக்கிறேன்.

"அவருக்கு?"
"மூணாவதுல வந்துட்டாரு.
கண்ணைத் தொறந்ததும் பட்டறைச் சாவி எங்கன்னாரு."

அந்தப் பேப்பர் கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன்.
ஜாமெட்ரி பாக்ஸ் கவராயத்தால்
முள்ளுக்கு முள் அளந்து பார்த்துவிடலாம்.
என் குழி அவருடைய குழி இல்லை,
ஆனாலும் அளக்கலாம்.

செலின் செருப்பைக்கூட ஓரமாக விடாமல்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.
இரண்டு.

கீழே ஷட்டர் ஏறுகிறது.
கொசுவர்த்தியைப் பாதிச் சுற்றில் நிறுத்திச் சேமித்தேன்.
மில் ஓடத் தொடங்கியது, மேசை, தம்ளர், கட்டில் எல்லாம்.
அவள் அசையவில்லை.